சோப்பு டப்பாவில் ஒரு பூஸ்டர்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அச்சில் போட்டிருப்பதை அப்படியே செய்ய எனக்குக் கை வராது. ஒரு டிரான்சிஸ்டர் போதும் என்று எலெக்ட்ரானிக்ஸ் இதழில் போட்டிருந்தால் இரண்டு வைப்பேன். ‘இதை மாற்ற வேண்டாம்’ என்று அடிக்குறிப்பு இருந்தால் முதலில் அதைத்தான் மாற்றுவேன். இதை நான் மூளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெறும் திமிர் என்று தெரியப் பல வருஷம் ஆயிற்று. அதற்குள் ஒரு மனிதரின் பெயர் கெட்டுப் போய்விட்டது.

புது மாவட்டம் பிரிந்தபோது அலுவலகக் கோப்புகளோடு கோப்பாக நானும் வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்து இறங்கினேன். எழுத்தர் வேலை. மாலை ஐந்தே முக்காலுக்கு அலுவலகம் முடியும். ஆறேகாலுக்கு வீட்டில் ஈயம் பற்றவைக்கும் என் சால்டரிங் அயர்ன் சூடேறியிருக்கும். மாதா மாதம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் இதழ் வாங்குவேன். அதில் வரும் சர்க்யூட்டுகளைச் செய்து பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு, சீட்டாட்டம், சினிமா எல்லாம். உதிரி பாகங்களுக்குச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்விட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்புவேன். செம்புத் தகட்டில் கோடு வரைய என் மனைவியின் நகப்பூச்சை எடுத்துக்கொள்வேன். தகட்டை அமிலத்தில் ஊறப்போட்டதால் எங்கள் குளியலறைத் தரையில் மஞ்சளாக ஒரு கறை விழுந்தது. வீட்டைக் காலி செய்யும்வரை அது போகவில்லை.

கை தட்டினால் எரியும் விளக்கு செய்தேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரம் செய்தேன். மழைத்துளி விழுந்தால் கூவும் ஒரு பெட்டி செய்தபோதுதான் என் மனைவி வாய் திறந்தாள். “மழை பெஞ்சா எனக்குத் தெரியாதா? இதுக்கு ஒரு பொட்டியா?”

ஆனால் தெருவில் எனக்கு மரியாதை. யார் வீட்டு ரேடியோ கரகரத்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். “சாரு பார்த்தாருன்னா சரியாப்பூடும்” என்பார்கள். அதைக் கேட்க எனக்கு நன்றாக இருக்கும். காசு வாங்க மாட்டேன். அது பெருந்தன்மை இல்லை. காசு வாங்கினால் மெக்கானிக் ஆகிவிடுவேனே என்ற எண்ணம்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு சத்துணவு அமைப்பாளர் இருந்தார். தெருவே அவரைச் சத்துணவு அக்கா என்றுதான் கூப்பிடும். கணவர் இல்லை. ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பழைய கறுப்பு வெள்ளை டி.வி. ஒன்று வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலைப் படத்துக்குத் தெருப் பெண்கள் பாதிப் பேர் அவர் வீட்டுக் கூடத்தில் இருப்பார்கள். அந்தச் செட்டை அவருக்கு வாங்கிக் கொடுத்தவர் எங்கள் பகுதியில் சின்னதாகக் கடை வைத்திருந்த ஒரு டி.வி. மெக்கானிக். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எப்போதும் சட்டைப் பையில் ஒரு டெஸ்டர் இருக்கும். அதிகம் பேச மாட்டார்.

அந்தக் காலத்தில் எங்களூரில் டி.வி. பார்ப்பதே ஒரு வேலை. சென்னையிலிருந்து வருகிற அலை இங்கே வந்து சேர்வதற்குள் இளைத்துப் போயிருக்கும். மலைக்கு மேற்கே இருந்தவர்களுக்கு அதுவும் கிடையாது, மலை மறைத்துவிடும். கிழக்கே நாங்கள் மொட்டை மாடியில் நெட்டைக் குழாயை நட்டு, உச்சியில் ஆன்டெனாவும் அதன் கீழே பூஸ்டர் என்கிற சின்னக் கருவியும் வைத்துப் பார்ப்போம். வருகிற அலையைப் பெருக்கிக் கொடுப்பது பூஸ்டரின் வேலை. கடையில் விற்றதை வாங்க எனக்குக் கௌரவக் குறைச்சல். இதழில் ஒரு பூஸ்டர் சர்க்யூட் வந்தது. அதைச் செய்ய உட்கார்ந்தேன்.

ஒரு டிரான்சிஸ்டர் போட்டிருந்தார்கள். நான் இரண்டு போட்டேன். உலோகப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும், பெட்டியை எர்த்தோடு இணைக்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் எழுதியிருந்தார்கள். என்னிடம் மூடி இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் சோப்பு டப்பா ஒன்று இருந்தது. மழைக்கும் நல்லது என்று அதில் வைத்துக் குழாயில் கட்டினேன். எங்கள் வீட்டில் படம் வந்தது பாருங்கள், தெருவிலேயே அப்படி ஒரு படம் யார் வீட்டிலும் வரவில்லை. ஓரத்தில் மட்டும் மெல்லிய நிழல் ஒன்று ஆடியது. அதை நான் கண்டுகொள்ளவில்லை. பூஸ்டருக்கு மின்சாரம் தரும் அடாப்டரை அணைப்பதே இல்லை.

அதே வாரம்தான் சத்துணவு அக்காவின் செட் அந்த மெக்கானிக்கிடம் ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது. வந்ததிலிருந்து படம் முழுக்க நெளிநெளியாகக் கோடுகள். பேசுகிறவரின் முகமே தெரியாது. அக்கா மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்துவிட்டுச் செட்டைக் கடைக்கு எடுத்துப் போனார். கடையில் படம் தெளிவாக வந்ததாம். திரும்பக் கொண்டுவந்து வைத்தால் மறுபடியும் கோடு. இப்படி இரண்டு முறை நடந்தது.

ரிப்பேருக்குக் கொடுத்தால் உள்ளே இருக்கும் நல்ல பாகத்தை எடுத்துக்கொண்டு பழையதை வைத்துவிடுவார்கள் என்பது எங்களூரில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வாட்ச் ஆனாலும் மிக்ஸி ஆனாலும் அந்தச் சந்தேகம் கூடவே போகும். அக்காவுக்கும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொன்னார். தீர்ப்பு சொல்ல என்னையும் கூப்பிட்டார்.

“தம்பி, நீங்க படிச்சவரு. தொறந்து பாருங்க. இவன் எதையோ மாத்திட்டான்.”

கூடம் நிறைய ஆட்கள். நான் செட்டின் பின்மூடியைக் கழற்றினேன். உண்மையைச் சொல்கிறேன், டி.வி.யின் உள்ளே எது என்ன என்று எனக்குப் பாதிதான் தெரியும். என் உலகம் ஒன்பது வோல்ட் பேட்டரி. ஆனால் பத்துப் பதினைந்து பேர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மெக்கானிக் பக்கத்தில் வந்து குனிந்தார். “சார், என் கடையில வச்சா படம் சுத்தமா வருது. இங்கதான் இப்படி. பக்கத்துல எங்கயோ இருந்து இடைஞ்சல் வருது சார்.”

“எங்கயோன்னா எங்க?” என்றேன். “நீ மெக்கானிக்கா, சோசியக்காரனா?”

கூடம் சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். அலைவரிசையைப் பிடித்துக் கொடுக்கும் டியூனர் பெட்டியை நான் உற்றுப் பார்த்தேன். மூன்று திருகாணி ஒரு மாதிரி, ஒன்று வேறு மாதிரி. தூசும் அந்த இடத்தில் கம்மி. இது போதும் எனக்கு.

“டியூனரை மாத்தியிருக்கான்க்கா” என்றேன்.

மாற்றியிருக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. மாத்தியிருக்கான் என்றேன்.

“சார், ஸ்க்ரூ ஒண்ணு தொலைஞ்சு போச்சு. வேற போட்டேன். ஸ்க்ரூ மட்டும்தான் சார்” என்றார் அவர். அவர் குரல் இறங்கிவிட்டது. அக்காவின் குரல் ஏறிவிட்டது. மறுநாள் காலை அக்கா அவர் கடை வாசலிலேயே போய் நின்று, “ஒத்தப் பொம்பளை வயித்துல அடிச்சிட்டியேடா திருட்டுப் பயலே” என்று கத்தினார். காய்கறி வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள். “அந்த ஆபீஸ் சாரே பார்த்துச் சொல்லிட்டாரு” என்ற சாட்சியோடு அந்தச் செய்தி தெருத் தெருவாகப் போயிற்று.

அடுத்த ஞாயிறு. வேறொரு சர்க்யூட்டைச் சோதிக்க எனக்கு ஒரு அடாப்டர் தேவைப்பட்டது. பூஸ்டரின் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கிய மறுநிமிஷம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல்.

“தம்பி! தம்பி! படம் வந்துடுச்சு! பளிச்சுனு வருது!”

பிளக் கையில் இருந்தது. மறுபடி சொருகினேன். “ஐயோ, போயிடுச்சே!” பிடுங்கினேன். “வந்துடுச்சு, வந்துடுச்சு!” மூன்றாவது முறையும் செய்தேன். அது தேவையே இல்லை, முதல் தடவையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. வேறு ஏதாவது காரணமாக இருக்காதா என்று ஒரு நப்பாசை. இல்லை. பெருக்கத்தை நான் அளவுக்கு மீறிக் கூட்டியதில், கவசமும் இல்லாததில், என் பூஸ்டர் தானே ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையமாகி அக்கம்பக்கத்தில் குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ இடைஞ்சல் வருகிறது என்று மெக்கானிக் சொன்னாரே, அது என் மொட்டை மாடியிலிருந்து வந்தது.

அரை மணி நேரத்தில் அக்கா கிண்ணத்தில் கேசரியோடு வந்தார். “நீங்க அன்னிக்குக் கை வச்ச நேரம் தம்பி, தானே சரியாயிடுச்சு” என்றார். நான் கேசரியை வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்றும் சொன்னேன்.

அன்று மாலையே குழாயில் ஏறிச் சோப்பு டப்பாவை அவிழ்த்துவிட்டேன். காற்றில் ஆடுகிறது என்று மனைவியிடம் சொன்னேன். பிறகு அலுமினிய டிபன் டப்பா ஒன்றை வெட்டி, இதழில் சொன்னபடியே, ஒரே டிரான்சிஸ்டரோடு புதிதாக ஒன்று செய்து கட்டினேன். ஒழுங்காக வேலை செய்தது. யாருக்கும் தொந்தரவில்லை. மெக்கானிக் கடைக்கு நான்கு நிமிஷம் நடக்க வேண்டும். நாளைக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு மறுநாள் என்று நினைத்தேன். சொன்னால் அவர் திட்டுவார் என்ற பயம் இல்லை எனக்கு. ‘சாருக்கு ஒண்ணும் தெரியாது’ என்று தெரு சொல்லும், அந்தப் பயம்தான். இவ்வளவு அற்பமான காரணத்துக்காக ஒரு மனிதரைத் திருடனாகவே விட்டுவைத்தேன்.

இன்னொன்றும் செய்தேன், அதை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றும். அந்த இதழுக்கு வாசகர் கடிதம் எழுதினேன். ‘உலோக உறை இல்லாத பூஸ்டர்கள் அண்டை வீட்டுத் தொலைக்காட்சிகளில் இடையூறு விளைவிக்கக்கூடும் என்பது அனுபவத்தில் தெரிய வந்தது’ என்று. யாருடைய அனுபவம், எந்த அண்டை வீடு, ஒன்றும் இல்லை. அந்த மாதத்தின் சிறந்த கடிதம் என்று எனக்கு ஒரு சால்டரிங் அயர்ன் பரிசு அனுப்பினார்கள். முன்பின் தெரியாதவர்கள் எல்லோரும் படிக்கிற இடத்தில் ஒப்புக்கொண்டேன். என் தெருவில் ஒருத்தரிடம் சொல்லவில்லை.

மெக்கானிக்கிடம் செட் கொடுக்க ஆள் வருவது நின்றது. சில மாதத்தில் கடையைக் காலி செய்துகொண்டு மனைவியின் ஊரான அடி அண்ணாமலைக்குப் போய்விட்டார். மலைக்கு மேற்கே, டி.வி.யே சரியாக எடுக்காத இடத்துக்கு ஒரு டி.வி. மெக்கானிக். அங்கே டார்ச் லைட்டும் டேப் ரிக்கார்டரும் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

அங்கே அவர் போட்ட கடை கிரிவலப் பாதையிலேயே இருந்தது எனக்கு வந்த சோதனை. பௌர்ணமி என்றால் நானும் மனைவியும் மாலையிலேயே நடக்கத் தொடங்கிவிடுவோம். எல்லோரும் பாதையின் இடது பக்கமாகத்தான் நடப்பார்கள். மலையை ஒட்டிய வலது பக்கம் சித்தர்களும் தேவர்களும் நடக்கிற இடம் என்று விட்டுவிடுவார்கள். கடை இடது பக்கம். அடி அண்ணாமலை வந்ததும் நான் வலது பக்கத்துக்கு மாறிக்கொள்வேன்.

“அது சித்தருங்க நடக்கிற பக்கங்க. இங்க வாங்க” என்பாள் மனைவி.

“அங்க கூட்டம் ஜாஸ்தி” என்பேன்.

பன்னிரண்டு வருஷம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி இதைச் செய்தேன். மலையைச் சுற்றுவது எதற்காக என்று யாராவது கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

அக்கா அதற்குப் பிறகு எதையும் கடைக்குக் கொடுக்கவில்லை. இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, பிறகு வந்த கலர் டி.வி., எல்லாம் என் கைக்கே வந்தன. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பவரிடம் அந்தக் கதையைச் சொல்வார். “ஒரு திருட்டுப் பய டியூனரை உருவிட்டான். தம்பிதான் கண்டுபுடிச்சாரு.” நான் குனிந்து ஒயரை முறுக்கிக்கொண்டிருப்பேன். ஒருநாள் என் மகளே அந்தக் கதையைத் தன் சிநேகிதியிடம் பெருமையாகச் சொன்னாள். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

இரண்டாயிரம் பிறந்து ஐந்து வருஷம் ஆகியிருக்கும். ஒரு முற்பகல் அக்கா என் வீட்டுக்கு வேகமாக வந்தார். முகத்தில் ஒரு திருப்தி.

“தம்பி, விஷயம் தெரியுமா? அந்த மெக்கானிக் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாங்களாம். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஆளுங்க. முன்ன இங்கதானே இருந்தான், குடும்பம் எப்படின்னு விசாரிக்க வந்தாங்க. நல்ல வேளை, என்கிட்ட கேட்டாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேன். திருடன் வூட்ல பொண்ணு எடுக்காதீங்கன்னு சொல்லிட்டேன்.”

எப்படிச் சொன்னேனோ, சொல்லிவிட்டேன். “அக்கா, அவர் எதையும் எடுக்கல. கோடு வந்தது என் பூஸ்டராலதான். அந்த வாரமே எனக்குத் தெரியும்.”

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இப்பதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாங்க. வண்டியை எடுங்க தம்பி.”

என் ஸ்கூட்டர் வாசலிலேயே நின்றது. சாவி என் சட்டைப் பையில். “நான் வந்து அவங்ககிட்ட என்னன்னுக்கா சொல்றது…” என்று இழுத்தேன். அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். அறுபதைத் தாண்டிய மனுஷி, முழங்கால் வலிக்காரி, செருப்புக்கூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போனார். நான் வாசலில் நின்றேன்.

மாலையில்தான் திரும்பி வந்தார். “பஸ்ஸு கிளம்பிடுச்சு. ஓடிப் போய் ஏறிட்டேன். கீழ்பென்னாத்தூர் வரைக்கும் கூடவே போயி சொல்லிட்டு வந்தேன். செட்டு நல்லாத்தான் இருந்துச்சு, என் வாய்க்கொழுப்புல பழி போட்டுட்டேன்னேன்.”

“என் பேரைச் சொன்னீங்களாக்கா?” என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன்.

“உங்க பேரை எதுக்கு எடுக்கணும்? அவங்க உங்களையா வந்து விசாரிச்சாங்க?” என்றார். தன் வீட்டுப் படியேறும்போது திரும்பிச் சொன்னார்: “அவனாண்ட நீங்க போய்ச் சொல்லுங்க. அது என் வேலை இல்ல.”

சம்பந்தம் முறியவில்லை. அக்காவுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது. அடுத்த முறை மிக்ஸி நின்றபோது அவர் அதைக் கடைக்குக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை நான் அடி அண்ணாமலைக்குக் கிளம்பினேன். வண்டி ஓட்டிக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். அவரை நான் அவமானப்படுத்தியது பத்துப் பேர் முன்னால். மன்னிப்பும் பத்துப் பேர் முன்னால்தான் கேட்க வேண்டும். ஓரமாகக் கூப்பிட்டுக் காதோடு சொல்லிவிட்டு வருவது இன்னொரு கோழைத்தனம். இப்படி யோசித்ததில் எனக்கு என் மீதே கொஞ்சம் மரியாதை வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

தகரக் கூரை போட்ட சின்னக் கடை. இப்போது செல்போன் ரிப்பேர். தலை நரைத்து, கண்ணாடி போட்டிருந்தார். பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒரு பெண் தன் போனை அப்போதுதான் மேஜை மேல் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. “வாங்க சார். உட்காருங்க” என்றார்.

நான் உட்காரவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நின்றபடியே சொன்னேன். “பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி, டி.வி.யில டியூனரைத் திருடிட்டாருன்னு இவர் மேல பழி போட்டாங்க. அந்தப் பழியைப் போட்டது நான்தான். இவர் திருடல. தப்பு முழுக்க என்னோடது. என்னை மன்னிச்சிடுங்க.”

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. நல்ல காரியம் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். பெஞ்சில் இருந்த இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் கையை நீட்டி, மேஜை மேல் இருந்த தன் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அவர் குரலில்.

“சார், இந்த ஊர்ல அது யாருக்கும் தெரியாது” என்றார். “பன்னிரண்டு வருஷமா தெரியாம பார்த்துக்கிட்டேன்.”